போட்டோ எடிட்டிங்குக்கு எந்த கம்ப்யூட்டர்? எங்கே காத்திருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள்

ஆடி பிறந்ததும் எனக்குப் போன் வர ஆரம்பிக்கும். முகூர்த்தம் இல்லாத மாதம். ஸ்டூடியோக்காரர்கள் கேமராவை சர்வீஸுக்குக் கொடுப்பதும், பழைய மெஷினை மாற்றலாமா என்று யோசிப்பதும் அப்போதுதான். ஆவணியில் கல்யாணங்கள் வரிசைகட்டி வந்துவிட்டால் அப்புறம் யோசிக்க நேரம் இருக்காது. நான் போட்டோகிராபர் இல்லை. நண்பர்களுக்கும் நண்பர்களின் நண்பர்களுக்கும் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுப்பவன். எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "போட்டோ எடிட்டிங்குக்கு எந்த மெஷின் நல்லா இருக்கும்?"

நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "இப்ப இருக்கிற மெஷின்ல எந்த இடத்துல காத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க?" பெரும்பாலும் பதில் வராது. "எல்லாமே ஸ்லோங்க" என்பார்கள். அது உண்மையாக இருக்காது. ஏதோ ஒன்று மட்டும் ஸ்லோவாக இருக்கும், மற்றதெல்லாம் அதற்காக வரிசையில் நின்றுகொண்டிருக்கும். அந்த ஒன்று எது என்று தெரியாமல் கடைக்குப் போனால், கடைக்காரர் கேமிங் மெஷின் ஒன்றைக் காட்டுவார். கண்ணாடிக் கதவு, உள்ளே கலர் கலராக லைட்டு. பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

தஞ்சாவூர்ப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவர் 2021-இல் அப்படித்தான் வாங்கினார். கொரோனா காலம், கிராபிக்ஸ் கார்டுக்குக் கடும் தட்டுப்பாடு. கிரிப்டோ தோண்டுகிறவர்கள் மொத்தமாக அள்ளிக்கொண்டு போக, மிச்சம் இருந்ததற்குக் கடையில் சொன்னதுதான் விலை. அந்த விலைக்கு 12 ஜி.பி. மெமரி உள்ள ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு ஒன்றைப் போட்டுவிட்டு, போன பணத்தை மற்ற இடங்களில் பிடித்திருந்தார்கள். வேலையில் இருப்பதைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் மெமரியான ரேம் 8 ஜி.பி., ஒற்றைக் குச்சி. விண்டோஸுக்கு மட்டும் சின்ன எஸ்.எஸ்.டி., அதாவது சுற்றும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க். படங்கள் எல்லாம் 2 டி.பி. ஹார்ட் டிஸ்கில்.

பழைய மெஷினுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று கூப்பிட்டார். எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரை ஒரு ஓரத்தில் திறந்து வைத்துவிட்டு, வழக்கம்போல் வேலை செய்யுங்கள் என்றேன். போட்டோ திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குப் போகும்போதெல்லாம் டிஸ்க் 100 சதவீதத்தில் போய் ஒட்டிக்கொண்டது. மெமரி 90-ஐத் தாண்டி இறங்கவே இல்லை. கிராபிக்ஸ் கார்டு 2, 3 சதவீதத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது. மெஷினிலேயே அதிக விலை கொடுத்து வாங்கிய பொருள் அதுதான்.

இது ஏன் இப்படி என்று புரிய, ஒரு ரா ஃபைலை (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) திறக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். கேமரா சென்சாருக்கு நிறம் தெரியாது, வெளிச்சத்தின் அளவு மட்டும்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் இவற்றில் ஏதாவது ஒரு நிற வடிகட்டியை வைக்கிறார்கள். நான்கு புள்ளிக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு. இன்றைக்கும் பெரும்பாலான கேமராக்களில் அதுதான். ஆக, ஒரு புள்ளியில் ஒரு நிறத்துக்கான கணக்குதான் இருக்கிறது. மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து மென்பொருள்தான் நிரப்ப வேண்டும். 24 மெகாபிக்சல் கேமராவின் ரா ஃபைல், சுருக்கி வைத்தால் டிஸ்கில் ஏறக்குறைய 30 எம்.பி. இருக்கும். திறந்ததும் 2.4 கோடிப் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிறம், நிறத்துக்கு இரண்டு பைட். மெமரியில் 144 எம்.பி. 45 மெகாபிக்சல் கேமரா என்றால் 270. இது ஒரு படத்துக்கு, ஒரு நகலுக்கு மட்டும்.

லைட்ரூம் அசல் ஃபைலைத் தொடுவதில்லை. நீங்கள் செய்த மாற்றங்களைச் சமையல் குறிப்பு மாதிரி கேட்டலாக் என்ற தன் பதிவேட்டில் எழுதி வைத்துக்கொண்டு, ஸ்லைடரை நகர்த்தும் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சமைத்துக் காட்டுகிறது. கூடவே ஆயிரக்கணக்கான ப்ரிவியூ ஃபைல்கள், எல்லாம் சின்னச் சின்னதாக. ஹார்ட் டிஸ்க் திணறுவது இங்கேதான். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் டிஸ்க் ஒரு சுற்றை முடிக்க 8.3 மில்லிவிநாடி ஆகிறது. முள் நகர்ந்து சரியான தடத்துக்கு வர வேறு நேரம் வேண்டும். ஒரே பெரிய ஃபைலை நேராகப் படிக்கச் சொன்னால் நன்றாகவே ஓடும். ஆயிரம் இடத்தில் சிதறிக் கிடக்கிற துண்டுகளைக் கேட்டால் விநாடிக்கு நூறு துண்டு எடுப்பதே பெரிய பாடு. எஸ்.எஸ்.டி.யில் முள்ளும் இல்லை, சுற்றும் இல்லை.

நண்பரின் மெஷினில் மதர்போர்டில் நேராகச் செருகும் என்.வி.எம்.இ. வகை ஒரு டி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றும், 16 ஜி.பி. ரேம் குச்சிகள் இரண்டும் போட்டோம். அந்த கார்டுக்குக் கொடுத்த பணத்தில் பாதிகூட ஆகவில்லை. மறுநாள் போன் செய்து, "மெஷினை மாத்திட்டீங்களா?" என்றார்.

எஸ்.எஸ்.டி. என்றதும் அடுத்த வலை ஒன்று இருக்கிறது. பழைய வகை இணைப்பில் ஓடும் சாட்டா எஸ்.எஸ்.டி. விநாடிக்கு 550 எம்.பி., என்.வி.எம்.இ. மூன்றாம் தலைமுறை 3,500, நான்காவது 7,000 என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். பெரிய எண்தான் வேண்டும் என்று தோன்றும். 30 எம்.பி. ரா ஃபைலைப் படிக்க சாட்டாவுக்கு விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் போதும். 7,000 உள்ளதற்கு அதைவிடவும் குறைவு. ஆனால் படித்த பிறகு அதைப் பிரித்து, நிறம் நிரப்பி, திரைக்குக் கொண்டுவர பிராசஸருக்கு அதைவிடப் பல மடங்கு நேரம் ஆகிறது. ஹார்ட் டிஸ்கிலிருந்து எந்த எஸ்.எஸ்.டி.க்கு மாறினாலும் கண்ணுக்குத் தெரியும். ஒரு எஸ்.எஸ்.டி.யிலிருந்து அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி.க்கு மாறினால் போட்டோ வேலையில் தெரியவே தெரியாது. நல்ல மூன்றாம் அல்லது நான்காம் தலைமுறை டிரைவ் ஒன்று, கொஞ்சம் பெரிய அளவில் போதும். நிரம்பி வழியும் எஸ்.எஸ்.டி. வேகம் குறையும், அதனால் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக விடுங்கள்.

யாரும் கவனிக்காத இடம் கார்டு ரீடர். இரண்டு நாள் கல்யாணம், இரண்டு பேர் எடுக்கிறார்கள் என்றால் 4,000 படம் சர்வசாதாரணம். ரா-வில் 120 ஜி.பி. முகூர்த்தம் முடிந்து சாப்பிட்டுவிட்டு ஸ்டூடியோவுக்கு வந்ததும் முதல் வேலை இதை இறக்குவதுதான். பல ஸ்டூடியோக்களில் அதற்கு ஏதோ ஒரு காலத்தில் பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கிய பிளாஸ்டிக் ரீடர் இருக்கும். யு.எஸ்.பி. 2.0. அதில் விநாடிக்கு 35 எம்.பி. கிடைத்தால் பெரிய விஷயம். 64 ஜி.பி. கார்டு ஒன்றுக்கே அரை மணி நேரம். அதே கார்டை நல்ல யு.எஸ்.பி. 3 ரீடரில், நீல நிற போர்ட்டில் போட்டால் 12 நிமிடத்தில் முடியும்.

உங்கள் எஸ்.டி. கார்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் தங்க நிறத் தொடுமுனைகள் ஒரு வரிசை இருந்தால் அது யு.எச்.எஸ். 1. அதன் உச்ச வேகமே விநாடிக்கு 104 எம்.பி.தான். அதற்குக் கீழே இன்னொரு வரிசை இருந்தால் யு.எச்.எஸ். 2, உச்சம் 312. இரண்டாவது வரிசையைத் தொடும் ரீடர் இல்லாவிட்டால் அந்தக் கூடுதல் பணம் வீண். ஒருவர் இரண்டு வரிசை உள்ள கார்டுகளாகவே நாலு வைத்திருந்தார், போடுவது என்னவோ அதே பிளாஸ்டிக் ரீடரில். இன்னொன்று: கேபினெட்டின் முன்பக்கத்து நீல போர்ட்டின் ஒயரை மதர்போர்டில் செருகாமலே கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. வாங்கிய அன்றே ஒரு பென் டிரைவைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

ரேம் விஷயத்தில் வெளிநாட்டு வீடியோக்கள் சொல்வதும் நம் ஊர் வேலையும் கொஞ்சம் வேறு. அங்கே படத்தைத் திருத்தி ஃபைலாகக் கொடுத்துவிடுவார்கள். இங்கே ஆல்பம் இல்லாமல் கல்யாணம் முடியாது. 12-க்கு 36 இன்ச் ஷீட், இன்ச்சுக்கு 300 புள்ளி (டி.பி.ஐ.) என்றால் 3,600-க்கு 10,800 பிக்சல். ஷீட்டை முழுதாக மூடும் ஒரு லேயர் 8 பிட்டில், அதாவது நிறத்துக்கு ஒரு பைட் கணக்கில், 117 எம்.பி. பின்னணி ஒரு லேயர், மாலை டிசைன் ஒரு லேயர், மங்கலாக்கிய பெரிய முகம் ஒன்று, அதன் மேல் நாலைந்து படம், நிழல், எழுத்து. போட்டோஷாப் வழக்கமாகக் கடைசி 50 மாற்றங்களை வேறு நினைவில் வைத்துக்கொள்ளும். ஆல்பம் டிசைனர் ஒரே நேரத்தில் ஆறு ஷீட் திறந்து வைத்திருப்பார், பக்கத்தில் லைட்ரூம், பிரௌசரில் பாட்டு. ரேம் தீர்ந்ததும் போட்டோஷாப் டிஸ்கையே ரேமாகப் பயன்படுத்த ஆரம்பிக்கும். அப்போது வருவதுதான் அந்தச் சுற்றும் வட்டம். 16 ஜி.பி.யில் ஓட்டலாம். ஆல்பம் செய்கிறவருக்கு 32 வேண்டும். 64-ஐ, டாஸ்க் மேனேஜரில் 32-உம் நிரம்பி நிற்பதைப் பார்த்த பிறகு வாங்கலாம். எவ்வளவு வாங்கினாலும் ஒற்றைக் குச்சியாக வேண்டாம். இரண்டாகப் போட்டால்தான் இரண்டு வழியில் தரவு போகும்.

பிராசஸரில் ஸ்டிக்கரைப் பார்த்து ஏமாறுவதுதான் அதிகம். "ஐ7 மெஷின், குறைஞ்ச விலை" என்று பழைய ஆபீஸ் மெஷின்கள் நிறைய வருகின்றன. 2017-இல் வந்த ஐ7-7700-இல் நாலு கோர், அதாவது ஒரே நேரத்தில் வேலை செய்யும் நாலு கணக்குப் பிரிவு. 2022-இல் வந்த ஐ5-12400-இல் ஆறு. ஒவ்வொரு கோரும் பழையதைவிட வேகம். பெயரில் 5 இருந்தாலும் எல்லா வகையிலும் அதுதான் மேல். ஸ்லைடரை நகர்த்தும்போது உடனே பதில் வர ஒரு கோரின் வேகம் முக்கியம். 800 படத்தை எக்ஸ்போர்ட் போடும்போதும் (திருத்தியதைத் தனி ஃபைலாக வெளியே எடுப்பது) ப்ரிவியூ தயாரிக்கும்போதும் கோர்களின் எண்ணிக்கை முக்கியம். ஆறிலிருந்து எட்டு நல்ல கோர்கள் உள்ள, சமீபத்திய தலைமுறை பிராசஸர் ஒன்று போதும். 16 கோருக்குக் கொடுக்கும் பணத்தை வைத்து நல்ல மானிட்டர் வாங்குங்கள். அதற்கு வருகிறேன்.

கிராபிக்ஸ் கார்டைப் பற்றி 2021-இல் கேட்டிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன், சொன்னேன். 2022 ஜூனில் லைட்ரூம் கிளாசிக் எக்ஸ்போர்ட்டுக்கும் கிராபிக்ஸ் கார்டைப் பயன்படுத்த ஆரம்பித்தது. 2023 ஏப்ரலில் ஏ.ஐ. டீநாய்ஸ் வந்தது. வெளிச்சம் குறைவான மண்டபத்தில் கேமராவின் வெளிச்ச உணர்வைக் கூட்டி, ஐ.எஸ்.ஓ. 6,400 வைத்து எடுத்த ரிசப்ஷன் படத்தில் மணல் தூவியதுபோல் இருக்குமே, அதைத் துடைத்தெடுக்கும் வசதி. இந்த வேலை கிட்டத்தட்ட முழுவதும் கிராபிக்ஸ் கார்டின் தலையில்தான். ஒரு படத்துக்கு 15 விநாடி எடுக்கும் கார்டு இருந்தால் 400 படம் 100 நிமிடத்தில் முடியும். பிராசஸரோடு வரும் கிராபிக்ஸை மட்டும் நம்பி படத்துக்கு 3 நிமிடம் ஆனால் 20 மணி நேரம். தஞ்சாவூர் நண்பரின் கார்டு இரண்டு வருடம் சும்மா இருந்துவிட்டு, அந்த ஏப்ரலில்தான் முதல் தடவையாக விசிறி சத்தம் கேட்கும் அளவுக்கு வேலை செய்தது. "நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார். அவர் எதுவும் சொல்லவில்லை, ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

ஆக இன்றைக்கு டீநாய்ஸ் அடிக்கடி போடுகிறவருக்கு 8 ஜி.பி. மெமரியாவது உள்ள நடுத்தர கார்டு ஒன்று தேவை. அதற்கு மேலே போகப் போக விலை ஏறுகிற அளவுக்கு நேரம் மிச்சமாவதில்லை. பகல் வெளிச்சத்தில் பிறந்தநாள், பள்ளி விழா எடுத்து ஜேபெக்கில் கலர் மட்டும் திருத்துகிறவருக்கு இது தேவையே இல்லை. என்விடியா கார்டு என்றால் கேம் டிரைவருக்குப் பதில் ஸ்டூடியோ டிரைவரைப் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம்தான்.

மேக் வாங்கலாமா என்றால் தாராளமாக வாங்கலாம். 2020 நவம்பரில் எம்1 வந்ததிலிருந்து போட்டோ வேலைக்கு அவை நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் மேக்புக்கில் மெமரியை அப்புறம் கூட்ட முடியாது. 8 ஜி.பி. மாடலை வாங்கிவிட்டு இரண்டாவது வருடம் என்னிடம் வந்தால் நான் ஒன்றும் செய்வதற்கில்லை.

சரி, மானிட்டர். மற்ற எல்லாம் நேரத்தைத்தான் தின்னும். மானிட்டர் தப்பாக இருந்தால் வேலையே தப்பாகிவிடும், அதுவும் தெரியாமலே. ஒரு லட்ச ரூபாய் மெஷினுக்குப் பக்கத்தில், பில்லிங் கவுண்டருக்கு வாங்கிய மானிட்டரை வைத்து ஆல்பத்துக்குக் கலர் பார்க்கிற ஸ்டூடியோக்கள் ஏராளம்.

லேப்டாப் விளம்பரங்களில் 45 சதவீதம் என்.டி.எஸ்.சி. என்று ஒரு வரி பொடி எழுத்தில் இருக்கும். என்.டி.எஸ்.சி. என்பது 1953-இல் அமெரிக்க டிவிக்கு வகுத்த நிற அளவு. அதில் 72 சதவீதம் என்றால்தான் ஏறத்தாழ முழு எஸ்.ஆர்.ஜி.பி., அதாவது இணையமும் ஆல்பம் பிரிண்ட் போடும் லேபும் பெரும்பாலும் பயன்படுத்தும் நிற எல்லை. 45 சதவீதம் என்றால் எஸ்.ஆர்.ஜி.பி.யில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிறம் திரையிலேயே இல்லை. முகூர்த்தப் புடவையின் சிவப்பு அதில் சோர்ந்து தெரியும். டிசைனர் சேச்சுரேஷனைக் கொஞ்சம் ஏற்றுவார், இன்னும் கொஞ்சம் ஏற்றுவார். பிரிண்டில் மடிப்பும் தெரியாது, ஜரிகையும் தெரியாது, ஒரே சிவப்புத் திட்டு. பெண் வீட்டார் முதலில் பார்ப்பது அந்தப் புடவையைத்தான்.

உடனே அடோபி ஆர்.ஜி.பி. மானிட்டருக்கு ஓடவும் வேண்டாம். எஸ்.ஆர்.ஜி.பி.யைவிட அது அதிகமாகக் காட்டுவது பச்சைப் பக்கம். இரண்டுக்கும் அடிப்படைச் சிவப்பு ஒன்றேதான். வயலும் காடும் எடுத்துப் பெரிய இங்க்ஜெட் பிரிண்ட் போடுகிறவருக்கு அது பயன்படும். லேபுக்கு நீங்கள் அனுப்புவது எஸ்.ஆர்.ஜி.பி. ஜேபெக் என்றால், கோணம் மாறினாலும் நிறம் அதிகம் மாறாத ஐ.பி.எஸ். பேனல், 99 அல்லது 100 சதவீதம் எஸ்.ஆர்.ஜி.பி. உள்ள 27 இன்ச் மானிட்டர் போதும். 2,560-க்கு 1,440 பிக்சல் இருந்தால் கண்ணுக்கு வசதி. 4கே-யில் படம் கூர்மையாகத் தெரியும்தான், ஆனால் முழு எச்.டி.யைப்போல் நாலு மடங்கு புள்ளிகளை ஒவ்வொரு அசைவுக்கும் கணக்கிட வேண்டியிருக்கும். பழைய மெஷின் திணறும்.

"ஸ்க்ரீன்ல நல்லா இருந்துச்சு, ஆல்பம் கருப்பா வந்திருக்கு" என்று லேபோடு சண்டை போடுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பெரும்பாலும் லேப் மேல் தப்பு இருக்காது. மானிட்டர்கள் கடையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று 250, 300 கேண்டலா வெளிச்சத்தில் வருகின்றன. பிரிண்ட் வேலைக்கு 80-இலிருந்து 120 போதும். இரண்டு மடங்கு வெளிச்சத்தில் பார்த்துத் திருத்தினால், நீங்களே படத்தை இருட்டாக்கித்தான் அனுப்புகிறீர்கள். கலரிமீட்டர் என்று உள்ளங்கை அளவுக் கருவி ஒன்று இருக்கிறது, திரையில் தொங்கவிட்டால் வெளிச்சத்தையும் நிறத்தையும் அளந்து சரிசெய்து கொடுக்கும். மாதம் ஒரு தடவை அரை மணி நேர வேலை. எங்கள் வட்டாரத்தில் மூன்று ஸ்டூடியோக்காரர்கள் பணம் போட்டு ஒன்று வாங்கி, மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறார்கள்.

சுவரையும் பாருங்கள். ஒரு ஸ்டூடியோவில் எல்லா ஆல்பத்திலும் முகங்கள் பச்சை அடித்தன. மானிட்டரை அளந்தால் சரியாக இருந்தது. எடிட்டிங் அறைக்கு வாஸ்துப்படி கிளிப்பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள். நாள் முழுக்கப் பச்சையில் உட்கார்ந்திருந்த கண், திரையில் இல்லாத இளஞ்சிவப்பைக் குறைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. சாம்பல் நிறத்தில் ஒரு டப்பா பெயிண்ட் வாங்கி, மானிட்டருக்குப் பின்னால் உள்ள சுவருக்கு மட்டும் அடித்தோம். வாஸ்துவுக்கு மீதி மூன்று சுவர் இருக்கிறது.

கடைசியாகப் பணம் பிடிக்கிற இடம் எஸ்.எம்.பி.எஸ்., அதாவது மெஷினுக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. இதில் நானே சூடு பட்டவன். சில வருடம் முன்பு என் சொந்த மெஷினில், பெயர் தெரியாத கம்பெனியின் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றைப் போட்டிருந்தேன். படங்களுக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்றில் இருப்பது அப்படியே மற்றதிலும் இருக்கும். பேக்கப் இருக்கிறது என்ற தைரியம். ஒருநாள் கரண்ட் போய் வந்தபோது டப் என்று ஒரு சத்தம். எஸ்.எம்.பி.எஸ். போகும்போது இரண்டு டிஸ்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. என் தங்கை வளைகாப்புப் படங்கள் இன்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய சின்ன அளவில் மட்டும்தான் இருக்கின்றன. இரண்டு நகலும் ஒரே பெட்டிக்குள், ஒரே ஒயரில் இருந்தால் அது ஒரு நகல்தான் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

பெயர் பெற்ற கம்பெனியின் 550 அல்லது 650 வாட் எஸ்.எம்.பி.எஸ்., மெஷினும் மானிட்டரும் சேர்ந்து இழுக்கும் வாட்டைத் தாங்கும் யு.பி.எஸ். இரண்டும் வேண்டும். 600 வி.ஏ. என்று எழுதியிருக்கும் யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்தான் தரும். கார்டு போட்ட மெஷின் எக்ஸ்போர்ட்டில் இருக்கும்போது அதுவே கீச்சிட்டு அணைந்துவிடும்.

பேக்கப்புக்கு 3-2-1 என்று ஒரு கணக்கு உண்டு, அமெரிக்கப் போட்டோகிராபர் பீட்டர் க்ரோக் பரப்பியது. மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு கட்டடத்தில். ஹார்ட் டிஸ்குக்கு இன்னும் வேலை இருப்பது இங்கேதான். மெதுவாக ஓடினாலும் பரவாயில்லை, ஒரு ஜி.பி.க்கு ஆகும் செலவில் அதை அடிக்க ஆளில்லை. தஞ்சாவூர் நண்பர் எஸ்.எஸ்.டி.யில் வேலை செய்கிறார். இரவில் ஒரு ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்துவிட்டு அதன் ஒயரைப் பிடுங்கி வைக்கிறார். மூன்றாவது டிஸ்க் அவருடைய மாமியார் வீட்டு பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புது கல்யாணங்களை அதில் ஏற்றிவிட்டு, பழையது திறக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறார்.